சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் மகனுக்கு உயில் மட்டும் போதுமா, டிரஸ்ட் வேண்டுமா?

லால்குடிவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாடு அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 71. மனைவிக்கு 66. எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் அமெரிக்காவில் குடியுரிமை பெற்றுக் குடும்பத்துடன் அங்கேயே தங்கிவிட்டான். இரண்டாவது மகள், திருமணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். கடைக்குட்டிக்கு வயது 31. அவனுக்குப் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடும் வலிப்பும் உண்டு. தன் வேலைகளில் பலவற்றைத் தானே செய்துகொள்வான் என்றாலும், பணத்தை எண்ணவோ, ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்து கையெழுத்திடவோ அவனால் முடியாது.

சொத்து என்று பார்த்தால், திருச்சியில் என் சம்பளத்தில் வாங்கிய மனையில் கட்டிய வீடு, லால்குடி அருகே எங்கள் அண்ணன் தம்பிகளுக்குள் நடந்த பாகப்பிரிவினையில் என் பங்குக்கு வந்த இரண்டு ஏக்கர் நஞ்சை, வங்கியிலும் அஞ்சலகத்திலும் உள்ள வைப்புத்தொகை ஆகியவைதான். வீட்டையும் நிலத்தையும் மனைவிக்கு ஆயுட்கால அனுபவ பாத்தியதையாகவும், அவளுக்குப் பிறகு மூத்த மகனுக்கு முழு உரிமையாகவும் வைத்து, "அவன் தன் தம்பியை ஆயுள் முழுவதும் பராமரித்துவர வேண்டியது" என்று ஒரு வரி சேர்த்து உயில் எழுதலாம் என நினைத்திருந்தேன். வீட்டை எக்காலத்திலும் விற்கக் கூடாது என்றும் எழுத விரும்புகிறேன். நண்பர் ஒருவர், இது போதாது, டிரஸ்ட் (நம்பிக்கையானவர்களிடம் சொத்தை ஒப்படைத்து, இன்னொருவரின் நலனுக்காக நிர்வகிக்கச் செய்யும் ஏற்பாடு) ஏற்படுத்துங்கள் என்கிறார். எங்கள் ஊர் பத்திர எழுத்தரோ, டிரஸ்ட் என்பதெல்லாம் கோடீஸ்வரர்களுக்கும் கல்லூரி நடத்துபவர்களுக்கும்தான், உங்களுக்கு எதற்கு என்கிறார். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நான்கெல்லை (பதில்)

ஐயா, நான் உரிமையியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன். பொதுவான விளக்கமாக இதை எடுத்துக்கொண்டு, உங்கள் பத்திரங்களை நேரில் படித்துப் பார்க்கும் ஒருவரிடம் இறுதி ஆலோசனை பெற்றுக்கொள்ளுங்கள்.

முதலில், உங்களிடம் உள்ளதில் எதை நீங்கள் உயிலில் எழுத முடியும் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். திருச்சி வீடு சுயார்ஜிதம், அதாவது நீங்களே சம்பாதித்தது. அதில் கேள்வியே இல்லை. லால்குடி நஞ்சை அப்படியல்ல. அந்த நிலம் உங்கள் தந்தை சொந்தமாகச் சம்பாதித்து, அவர் உயில் எழுதாமல் 1956-க்குப் பிறகு காலமாகி, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி உங்களுக்கு வந்ததாக இருந்தால், அது உங்கள் தனிச்சொத்துதான். 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாறே கூறியது. அப்படியில்லாமல், தலைமுறைகளாகக் கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்து பாகப்பிரிவினையில் உங்களுக்கு வந்தது என்றால், அதில் உங்கள் பிள்ளைகள் மூவருக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டு. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கும் 2020-ஆம் ஆண்டு வினீதா சர்மா தீர்ப்புக்கும் பிறகு மகளுக்கும் அந்த உரிமை சமமானது. அந்நிலையில் உங்கள் பங்கை மட்டுமே நீங்கள் உயிலில் எழுத முடியும். எனவே பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முகப்புரையையும் அதற்கு முந்தைய மூலப் பத்திரத்தையும் எடுத்துவைத்து, நிலம் எந்த வழியில் வந்தது என்பதைப் படித்துப் பாருங்கள். இதைப் பார்க்காமல் எழுதப்பட்ட உயில்கள்தான் நீதிமன்றத்தில் அதிகம் அடிபடுகின்றன.

நீங்கள் எதுவும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மனைவியும் மூன்று பிள்ளைகளும் தலைக்கு நான்கில் ஒரு பங்கு பெறுவார்கள். (உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.) நோயோ உடற்குறையோ வாரிசுரிமையைப் பறிக்காது என்று 28-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்வதால், கடைசி மகனுக்கும் பங்கு நிச்சயம். ஆனால் அவரால் கையெழுத்திட இயலாததால், அவருடைய பிரிக்கப்படாத பங்கை முன்னிட்டு மொத்தச் சொத்தும் முடங்கிவிடும்.

இப்போது உங்கள் வாசகத்துக்கு வருகிறேன். "மூத்தவன் தம்பியைப் பராமரித்துவர வேண்டியது" என்ற வரியை நான் எழுதவிடமாட்டேன். அந்த வரியோடு முழு உரிமையும் மூத்தவருக்குப் போய்விட்டால், அவர் விரும்பினால் விற்கலாம், அடமானம் வைக்கலாம். அவருடைய கடன்காரர்கள் அந்த வீட்டைத் தொடர்ந்து வரலாம். இறைவன் செயலால் அவர் தம்பிக்கு முன்பே காலமாகிவிட்டால், வீடு அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அந்தப் பராமரிப்பு வரி வெறும் வேண்டுகோளா, சட்டப்படியான கடமையா என்று வாதிடக்கூடிய நிலையில் உங்கள் இளைய மகன் இருக்க மாட்டார். அவருக்காக வாதிட யாரும் இல்லாமலும் போகலாம்.

மனைவிக்கு ஆயுட்கால அனுபவம் மட்டும் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1977-ஆம் ஆண்டின் துளசம்மாள் தீர்ப்பின்படி, ஏற்கெனவே உள்ள பராமரிப்பு உரிமைக்கு ஈடாக ஓர் இந்துப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட ஆயுட்கால உரிமை, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14(1) பிரிவினால் முழு உரிமையாகிவிடும் என்று வாதிட இடமிருக்கிறது. 14(2) பிரிவின்படி அது ஆயுட்கால உரிமையாகவே நிற்கும் என்று எதிர்த்தரப்பு சொல்லும். இதில் தீர்ப்புகள் இருவகையாக வந்திருப்பதால் 2024 இறுதியில் உச்ச நீதிமன்றமே இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. உங்கள் உயில் அந்தச் சச்சரவுக்குள் போய் விழ வேண்டியதில்லை.

நான் சொல்லும் வழி, உயிலுக்குள்ளேயே டிரஸ்ட் ஏற்படுத்துவது. இந்திய டிரஸ்ட் சட்டம், 1882, தனிப்பட்ட குடும்பங்களுக்காகவே எழுதப்பட்டது. கல்லூரி நடத்தும் பொது அறக்கட்டளைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவே பொருந்தாது. பத்திர எழுத்தர் இரண்டையும் கலந்துவிட்டார். அசையாச் சொத்தில் டிரஸ்ட் ஏற்படுத்த, பதிவு செய்யப்பட்ட ஆவணம் வேண்டும். அல்லது உயில் வேண்டும் என்பது அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவு. உயிருடன் இருக்கும்போதே டிரஸ்ட் பத்திரம் எழுதினால் முத்திரைத்தீர்வை உண்டு, வீடும் இன்றைக்கே உங்கள் கையை விட்டுப் போய்விடும். உயிலில் எழுதினால் முத்திரைத்தீர்வை கிடையாது. உங்கள் காலம் வரை எல்லாம் உங்களிடமே இருக்கும். மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். மனைவியும் இளைய மகனும் பயனாளிகள் என்றும், இருவர் காலத்துக்குப் பிறகு மிஞ்சுவது யாருக்கு என்றும் அதில் எழுதிவிடலாம்.

டிரஸ்டிகள், அதாவது டிரஸ்ட் சொத்தை நிர்வகிப்பவர்கள் விஷயத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். டிரஸ்டியாக இருக்கத் தகாதவர்கள் என்று 60-ஆம் பிரிவின் விளக்கம் சிலரைக் குறிப்பிடுகிறது. வெளிநாட்டை நிரந்தர வாழ்விடமாகக் கொண்டவர் அதில் ஒருவர். பயனாளியின் நலனுக்கு முரணான நலன் உடையவர் இன்னொருவர். உங்கள் மூத்த மகன் முதல் வகையில் வருகிறார். மிச்சச் சொத்து அவருக்கே என்று எழுதினால் இரண்டாவது வகையிலும் வந்துவிடுவார். ஏனெனில் தம்பிக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் பங்கிலிருந்து குறையும். அவர் நல்லவரா என்பது இங்கே கேள்வியே அல்ல. (பயனாளியின் தனிச்சட்டம் அனுமதித்தாலன்றித் திருமணமான பெண்ணும் தகாதவர் என்று அதே விளக்கம் சொல்கிறது, 1882-இன் மனநிலை அது. இந்துக் குடும்பத்தில் உங்கள் மகள் டிரஸ்டியாக இருக்கத் தடையில்லை.)

மனைவி, மகள், நம்பிக்கையான வெளியாள் ஒருவர் என மூவரை நியமித்து, ஒருவர் விலகினாலோ காலமானாலோ அடுத்து யார் என்பதையும் எழுதுங்கள். ஆவணத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்பது 48-ஆம் பிரிவு. ஆகவே பெரும்பான்மை முடிவு போதும் என்று சேர்த்துவிடுங்கள். எழுதாவிட்டால் டிரஸ்டிக்கு ஊதியமும் கிடையாது. வெளியாள் ஒருவர் ஆண்டுக்கணக்கில் சும்மா உழைப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சேலத்துத் தாய் (பதில்)

ஐயா, என் மகனுக்கும் இதே நிலைதான். அவனுக்கு 27 வயது. வழக்கறிஞர் ஐயா சொன்னது பணத்தையும் சொத்தையும் பற்றியது. நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்த மறுநாளிலிருந்து, பெற்றவர்கள் என்பதற்காக மட்டும் நாம் அவனுடைய சட்டப்படியான பாதுகாவலர்கள் ஆகிவிடுவதில்லை. பல பெற்றோருக்கு இது வங்கியில் போய் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று பெற வேண்டும். இன்னும் வாங்கவில்லை என்றால், உயிலுக்கு முன்பாகவே இந்த வேலையைத் தொடங்குங்கள். சான்று பெற்றவர், பாதுகாக்கப்படுபவரின் சொத்துப் பட்டியலை ஆறு மாதத்துக்குள்ளும், ஆண்டுக் கணக்கை ஒவ்வொரு நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள்ளும் கொடுக்க வேண்டும். அலைச்சல்தான், ஆனால் ஒருவர் கணக்குக் கேட்கிறார் என்பது பிள்ளைக்கு நல்லதுதான்.

பாதுகாவலர் வேறு, டிரஸ்டி வேறு என்பதை மனத்தில் வையுங்கள். அவனுடன் இருந்து கவனிப்பவரும் பணத்தைக் கையாள்பவரும் ஒரே ஆளாக இல்லாதிருப்பது நல்லது என்பது என் எண்ணம். நமக்குப் பிறகு இன்னார் பாதுகாவலராக வேண்டும் என்று உயிலில் விருப்பம் தெரிவிக்கலாம், நியமிப்பது குழுதான். அதனால் அந்த நபரின் சம்மதத்தை இப்போதே வாங்கிவையுங்கள்.

இன்னொன்று, எந்த வழக்கறிஞரும் எழுதித் தர முடியாதது. உயிலோடு சேர்த்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். காலை வலிப்பு மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுப்பான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவான். தயிர்சாதத்தில் ஒரு கறிவேப்பிலை தென்பட்டாலும் தட்டைத் தள்ளிவிடுவான், எடுத்துவிட்டுக் கொடுத்தால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவான். பல்வலியைச் சொல்லத் தெரியாது, இடது கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருப்பான். இப்படி எழுதி, மருத்துவச் சீட்டுகளின் நகலையும் ஒட்டி வைத்திருக்கிறேன். மாத்திரை மாறும்போதெல்லாம் தேதி போட்டு மாற்றி எழுதுகிறேன். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். அதைப் புதுப்பிக்கும் மாதமும் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

நீங்கள் ஓய்வூதியர் என்பதால் மேலும் ஒரு செய்தி. உங்களுக்கும் அம்மாவுக்கும் பிறகு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. உங்கள் காலத்திலேயே மருத்துவச் சான்றுடன் ஓய்வூதியப் பதிவேட்டில் அவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். பெற்றோர் இருவரும் போன பிறகு இதைத் தொடங்குபவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

பேரேடு (பதில்)

நான் பட்டயக் கணக்காளர். வரி பற்றி மட்டும் சொல்கிறேன்.

பயனாளிகளில் யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், அந்த வருமானத்துக்குப் பொதுவாக உச்ச விகிதத்தில் வரி விழும். வாடகையாக மாதம் பதினைந்தாயிரம் வந்தாலும் அதே கதைதான். இதற்கு ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. உயிலின் மூலம் ஏற்படுத்தப்பட்ட டிரஸ்டாகவும், அந்த உயில் எழுதியவர் ஏற்படுத்திய ஒரே டிரஸ்டாகவும் இருந்து, தொழில் வருமானமும் இல்லாதிருந்தால், சாதாரண அடுக்கு விகிதங்களே பொருந்தும். ஆகவே மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று எனத் தனித்தனி டிரஸ்ட் எழுதிவிடாதீர்கள். மனைவி காலத்துக்குப் பிறகு வருமானம் முழுவதும் மகன் ஒருவருக்கே என்று தெளிவாக எழுதினால், அவர் கையில் வந்த வருமானம் போலவே வரி கணக்கிடப்படும். நஞ்சையிலிருந்து வரும் விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. டிரஸ்டுக்குத் தனியாகப் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் தேவைப்படும்.

வைப்புத்தொகைக்கு நாமினி போட்டிருக்கிறேனே, அதற்கு உயில் எதற்கு என்று பலர் கேட்பார்கள். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுள்ளவர், அவ்வளவே. பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் தீர்மானிக்கும். வங்கிக் கணக்கு தொடர்பாக 2010-இலும், பங்குகள் தொடர்பாக 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். நாமினியும் உயிலில் உள்ள நபரும் ஒருவராகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் சண்டைக்கு இடமிருக்காது.

உடன்பிறந்தவள் (பதில்)

ஐயா, நான் உங்கள் மகளின் இடத்தில் இருப்பவள். என் அண்ணனுக்கு ஆட்டிசம். பெற்றோர் காலமான பிறகு அவரை நானே கவனித்துவருகிறேன். மேலே எல்லோரும் உங்கள் மகளை டிரஸ்டியாக்குகிறார்கள், பாதுகாவலராக்குகிறார்கள். அவரிடம் கேட்டீர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு மாமியார் மாமனார் இருக்கலாம், வேலை இருக்கலாம், தம்பி தன்னுடன் கோவைக்கு வந்து இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். மருமகனையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

வீட்டை எக்காலத்திலும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். எங்கள் தந்தையாரின் உயிலிலும் அப்படி ஒரு வரி உண்டு. வீட்டுக்கு நாற்பது வயதாகிவிட்டது. தளத்தில் கம்பி தெரிகிறது, மழைக்காலத்தில் பின்னறையில் படுக்க முடியாது. பழுதுபார்க்க அண்ணனின் வைப்புத்தொகையை எடுக்க வேண்டும். விற்றுவிட்டு அவருக்கு ஏற்றாற்போல் தரைத்தளத்தில் சிறிய வீடு வாங்கலாம் என்றால் அந்த வரி குறுக்கே நிற்கிறது. உங்கள் மகனுக்குத் தேவை பாதுகாப்பான ஒரு கூரை. அது இந்தக் கூரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

லால்குடிவாசி

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அந்தச் சகோதரி சொன்னதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். மகளிடம் இந்த வாரமே பேசுவதாக இருக்கிறோம். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மகள் பெயருக்கு இப்போதே செட்டில்மெண்ட் (உயிருடன் இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதி, தம்பியைப் பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டால் எல்லாம் சுலபமாக முடியும் என்கிறார் பத்திர எழுத்தர். தவறினால் மூத்த குடிமக்கள் சட்டத்தில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமாம். அது சரியா? மேலும், பதிவு செய்யாத உயில் செல்லுமா?

நான்கெல்லை

ஐயா, செட்டில்மெண்ட் செலவு குறைவுதான். குடும்பத்துக்குள் எழுதினால் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வைக்கு 40,000 ரூபாயும் பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாயும் உச்சவரம்பு. ஆனால் எழுதிய அன்றே சொத்து கைமாறிவிடும். பிறகு நீங்கள் ஒருவராகவே அதை ரத்துசெய்ய முடியாது. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சொத்தைக் கொடுத்த மூத்த குடிமகனின் பராமரிப்புக்கான நிபந்தனை மீறப்பட்டால் உதவும். அதாவது அது உங்களுக்கான பாதுகாப்பு. உங்கள் காலத்துக்குப் பிறகு இளைய மகன் கைவிடப்பட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் முன்பு அந்தப் பிரிவைக் காட்டி வீட்டை மீட்க அவரால் முடியாது. உங்கள் கவலை முழுவதும் அந்தக் காலத்தைப் பற்றியதுதானே.

விற்பனை பற்றிச் சகோதரி எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். டிரஸ்டிகளுக்கு விற்கும் அதிகாரத்தையும், விற்ற பணத்தில் இளைய மகனுக்கு வேறு இருப்பிடம் வாங்கும் கடமையையும் சேர்த்தே எழுத வேண்டும். குத்தகை, வாடகை விஷயத்தில் 21 ஆண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று சட்டமே தடுத்திருக்கிறது.

பதிவு செய்யாத உயிலும் செல்லும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட்டு, அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும், அதுதான் உயிர்நாடி. வழக்கு வந்தால் அந்த இருவரில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருக்கும் என்பதால், உங்களைவிட இளையவர்களாக, உயிலால் பயன்பெறாதவர்களாகப் பார்த்துச் சாட்சியாக்குங்கள். உங்களுக்குத் தெளிந்த மனநிலை இருந்தது என்று குடும்ப மருத்துவரிடம் அதே நாளில் சான்று வாங்கி இணையுங்கள். புரோபேட் (உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று) பற்றிக் கவலை வேண்டாம். திருச்சிச் சொத்துக்கு அது முன்பும் கட்டாயமில்லை. சென்னை போன்ற இடங்களுக்குக் கட்டாயமாக்கியிருந்த இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவையும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

இருந்தாலும் உங்கள் நிலையில் பதிவு செய்வதையே சொல்வேன். கையெழுத்திட இயலாத மகனுக்காக டிரஸ்ட், வெளிநாட்டில் ஒரு வாரிசு என்று இருக்கும்போது, உயில் போலி என்று பிற்காலத்தில் யாரும் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர உடல்நிலை இடம் தராவிட்டால், தக்க காரணம் காட்டினால் பதிவுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி அவர் வீட்டுக்கே வந்து பதிவு செய்வார். முதலில் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நஞ்சையில் பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கிறதா என்பது தெரிந்த பிறகுதான் உயிலின் சொத்து விவரத்தை எழுதத் தொடங்க முடியும்.